குவாமேனா கேட்ட இரண்டாவது தோல்வி

அரபா தெச்சீவாவுக்கு அரசியல் ஆசை என்று எங்கள் ஊரில் யாராவது சொன்னால் எனக்குச் சிரிப்பு வரும். அவளுக்கு ஆசை ஒரு ஆள் மேல். அந்த ஆள் ஊர் திரும்ப முடியாமல் நடுவில் ஒரு அரசாங்கம் நின்றுகொண்டிருந்தது. அதை நகர்த்தப் போனவள்தான் தேர்தலில் மாட்டிக்கொண்டாள்.

நான் ஆபா, தையற்காரி. என் மெஷினுக்கும் அவள் மீன் புகைபோடும் அடுப்புகளுக்கும் நடுவில் ஒரு தென்னந்தட்டிதான் மறைப்பு. நான் தைத்த ரவிக்கையில் சாளை வாசம் வீசுகிறது என்று கேப் கோஸ்ட் டவுன் சீமாட்டிகள் என்னிடம் சண்டைக்கு வருவார்கள். நான் அரபாவிடம் சண்டைக்குப் போவேன். அவள் ஒரு மீனைத் தட்டி வழியாக நீட்டுவாள். அதோடு சண்டை முடியும். எங்கள் இருவருக்கும் கட்சி வேறு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யார் கட்சி ஜெயிக்கிறதோ அவள் மற்றவள் வாசலில் நின்று சட்டியைத் தட்டுவது எங்கள் வழக்கம். கானாவில் வாய் இருக்கிற பெண் யாரும் இதைச் செய்யாமல் இருக்க மாட்டாள்.

அவள் புருஷன் குவாமேனா படகு மோட்டார் ரிப்பேர் செய்பவன். நல்ல தொழில்காரன், பெரிய குரல், நாக்கில் எலும்பு கிடையாது. சிப்பாய்கள் ஆண்ட காலத்தில் படகுக்கு எண்ணெய் கிடைக்காமல் மோட்டார்கள் துருப்பிடித்துக் கிடந்தன. கடற்கரையில் கூட்டம் போட்டுப் பேச வந்த அதிகாரியைப் பார்த்து, "எங்க எண்ணெய் எந்தக் கதவு வழியா வெளிய போகுதுன்னு எங்களுக்கே தெரியுது, உங்களுக்குத் தெரியலையா ஐயா?" என்று கேட்டுவிட்டான். கூட்டம் கைதட்டியது. மறுநாள் உச்சி வெயிலில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். அவனை மணலில் முழங்கால் போடவைத்து, உடைந்த பாட்டில் சில்லால் தலையைச் சிரைத்தார்கள். அரபா பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தின நாள் கைதட்டிய கைகள் எல்லாம் அன்று எங்கே போயின என்று தெரியவில்லை.

அந்த வாரமே எல்லை தாண்டி ஐவரி கோஸ்டின் சசாந்த்ராவுக்குப் போகும் படகில் ஏறிவிட்டான். எங்கள் ஆட்கள் காலங்காலமாக மீனைத் துரத்திக்கொண்டு போய்த் தங்குகிற இடம்தான் அது. ஏறும்போது மனைவியிடம் சொன்னதை நானும் கேட்டேன்.

"இங்க வாயத் தொறந்து பேசினவன் தலை தப்பும்னு ஒரு நாள் வரட்டும். அன்னிக்குச் சொல்லி அனுப்பு. அடுத்த படகுல நான் வர்றேன்."

ஆண்பிள்ளைகள் படகில் ஏறும்போது ஆயிரம் சொல்வார்கள். அலை தாண்டியதும் பாதி மறந்துபோகும். இவள் அதை நங்கூரக் கயிறு போலப் பிடித்துக்கொண்டாள். படுத்த படுக்கையான தாயைப் பார்க்க வேண்டியிருந்ததால் கூடப் போகவில்லை. தாய் செத்தபிறகு, "இனி என்னடி, கெளம்பிப் போயேன்" என்றேன்.

"நானும் போயிட்டா, இங்க எல்லாம் சரியாச்சுன்னு அவருக்கு யார் சொல்லி அனுப்புறது?" என்றாள். அவனும் ஒரு தடவைகூட வா என்று சொல்லி அனுப்பவில்லை என்பது எனக்குத் தெரியும். அதை நான் வாயில் வைத்து மென்று விழுங்கிவிட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் சிப்பாய்கள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டுத் தேர்தல் வைத்து, கட்சி கட்டி அவர்களே நின்றார்கள். நாள் செவ்வாய்க்கிழமை. செவ்வாயன்று எங்கள் படகுகள் கடலில் இறங்காது. அது கடலுக்கு ஓய்வு நாள். அதனால் ஆண்கள் எல்லோரும் கரையில் இருந்தார்கள். பள்ளிக்கூட வாசலில் விடியும் முன்பே வரிசை. மனிதர்கள் அல்ல, கற்கள். ஆளுக்கு ஒரு கல்லை வரிசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய் வேலையைப் பார்ப்போம். கல் நின்றால் ஆள் நின்ற மாதிரி. ஒருத்தர் கல்லை ஒருத்தர் தொட மாட்டோம்.

அரபா மேஜை முன்னால் போனாள். வாக்காளர் பட்டியல் பழையது, குவாமேனா ஊரில் இருந்தபோது எழுதியது. குமாஸ்தா இவள் பெயரைத் தேடியபோது இவள் ஆசையாக, "என் வீட்டுக்காரர் பேரும் இருக்கா பாருங்க" என்றாள். பெயரைக் காதால் கேட்க வேண்டும், அவ்வளவுதான்.

"குவாமேனா எசில்ஃபியா? இருக்கே. அவர் வந்து போட்டுட்டுப் போயிட்டாரும்மா. இதோ கோடு கிழிச்சிருக்கு."

அவள் ஓட்டுப் போடவில்லை. சீட்டை வாங்காமலே திரும்பி ஓடினாள். வரிசையில் நின்ற என்னைக் கடக்கும்போது, "வந்துட்டாருடி!" என்று கத்தினாள். நான் அவ்வளவு சந்தோஷமான முகத்தை அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. படகுக் கொட்டகை, கள்ளுக்கடை, மாமன் வீடு, சர்ச் வாசல் என்று ஊர் முழுக்க அவன் பெயரைக் கூப்பிட்டுக்கொண்டே அலைந்தாள். நடுவில் ஒரு ஓட்டம் வீட்டுக்கு வந்து சோளமாவில் கெங்கே வேகவைத்து, மிளகாய் அரைத்து, நல்ல மீனாகப் பார்த்துப் பொரித்து மூடிவைத்துவிட்டு மறுபடி ஓடினாள். கூட்டாளிகளைப் பார்க்கப் போயிருப்பார், இப்போது வந்துவிடுவார் என்று என்னிடம் வேறு சமாதானம் சொன்னாள். எனக்குத்தான் சமாதானம் தேவைப்பட்ட மாதிரி!

சாயங்காலம் அவன் மாமன்தான் போட்டு உடைத்தார். "பைத்தியக்காரி, அவன் எங்க வந்தான்? எவனோ ஒரு களவாணி அவன் பேரச் சொல்லிக் குத்திட்டுப் போயிருக்கான்."

எவன், எந்தக் கட்சிக்காரன் என்று இன்றுவரை தெரியாது. அவள் மூடிவைத்த சட்டியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அழுவாள் என்று நினைத்துப் போனேன். அழவில்லை.

"காலையிலருந்து சாயங்காலம் வரைக்கும் அவர் ஊர்லதாண்டி இருந்தார், ஆபா" என்றாள். எனக்குத்தான் கண் பொங்கிவிட்டது.

என் கட்சி, அதாவது சட்டை கழற்றிய சிப்பாய்களின் கட்சி, ஜெயித்தது. நான் சட்டியைத் தட்டவில்லை. அவள் கட்சிக்காரர்கள் தேர்தலே திருட்டு என்று கோபித்துக்கொண்டு, அடுத்து வந்த பார்லிமெண்ட் தேர்தலுக்கு நிற்காமலே வீட்டில் உட்கார்ந்துகொண்டார்கள். ஊரே அவர்களுக்காகப் பரிந்து பேசியபோது இவள் மட்டும் அவர்கள் கூட்டத்துக்கே போய்த் திட்டினாள். "சோறு குழைஞ்சு போச்சுன்னு இலையத் தூக்கி எறிஞ்சா யாருக்குப் பட்டினி? நீங்க வீட்டுல உக்காந்துக்கிட்டா களவாணி பயந்தா ஓடிடுவான்? பாக்க ஆளில்லைன்னுதான நுழைஞ்சான்? அடுத்த தடவ என்ன அந்தப் பெட்டிகிட்ட உக்கார வைங்க."

உட்கார வைத்தார்கள். தொண்ணூற்றாறில் அவள் கட்சி ஏஜெண்ட். எங்கள் பள்ளிக்கூடத்தில் பெஞ்சில் உட்கார்ந்து வருகிற முகத்தையும் சொல்கிற பெயரையும் பொருத்திப் பார்ப்பது வேலை. முந்தின நாள் மத்தியானத்திலிருந்தே தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிட்டாள். ஒன்றுக்குப் போக எழுந்தால் அந்த நேரத்தில் எவனாவது நுழைந்துவிடுவானாம். உள்ளே இருப்பது வெளியே தெரிகிற பெட்டி வந்திருந்தது. விரலில் மை வைத்தார்கள். பட்டியலும் புதிதாக எழுதியது. ஊரில் இல்லாதவன் பெயர் அதில் ஏறவில்லை, குவாமேனா பெயரும் இல்லை. "இல்லாத பேர எவனும் திருட முடியாதில்ல" என்று சொல்லிக்கொண்டாள். சொன்ன குரலில் ஒரு சந்தோஷமும் இல்லை.

அன்று மத்தியானம் ஒரு தடியன் வந்து குவேசி அம்மிசா என்று பெயர் சொன்னான். அரபா பெஞ்சிலிருந்து குரல் கொடுத்தாள்.

"எந்தக் குவேசி அம்மிசாப்பா நீ? எனக்குத் தெரிஞ்ச குவேசி லாகோஸுக்குப் போய் ஆறு மாசம் ஆச்சு. அவன் பொண்டாட்டி அந்தா வரிசையில நிக்கிறா. ஏ எகுவா, இங்க வா! உன் புருஷன் வந்திருக்கான், அடையாளம் பாத்துச் சொல்லு!"

எகுவா முன்னால் வந்து அவனை மேலும் கீழும் பார்த்தாள். "ஓட்டு வேணும்னா குடுத்து அனுப்புங்க. இந்த மூஞ்சிய மட்டும் என் வீட்டுக்கு அனுப்பிடாதீங்க" என்றாள். பள்ளிக்கூடம் முழுக்கச் சிரிப்பு. தடியன் செருப்பை விட்டுவிட்டு ஓடினான். அதற்கப்புறம் எங்கள் பெட்டியில் ஒரு கள்ள ஓட்டுக்கூட விழவில்லை. என் கட்சிதான் மறுபடி ஜெயித்தது என்றாலும், இந்தத் தடவை எண்ணியதை நானே காதால் கேட்டேன். சட்டி தட்டினேன். அவள் வெளியே வந்து ஆடினாள், வெட்கங்கெட்டவள்!

சசாந்த்ராவுக்குப் போகும் படகோட்டி பைடூவிடம் சேதி சொல்லி அனுப்பினாள். ஊரில் பேசினால் தலை தப்புகிறது, ரேடியோவில் மந்திரியைப் பெயர் சொல்லித் திட்டுகிறார்கள், திட்டியவன் மறுநாளும் வந்து திட்டுகிறான், வந்துவிடு என்று. பைடூ திரும்பி வந்து பதிலைச் சொன்னார்.

"அதே ஆளுங்கதான இருக்காங்கன்னு கேட்டான். தோத்துப்போயி ஒருத்தனாவது நாற்காலிய விட்டு இறங்கினானா, அதச் சொல்லுன்னான்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போகும்போது சொன்னது ஒன்று, இப்போது கேட்பது ஒன்று. அரபா மட்டும், "சரியாத்தான கேக்கறார்" என்றாள்.

சரியாகத்தான் கேட்டான், அதை நான் ஒத்துக்கொள்கிறேன். எங்கள் நாட்டில் அதுவரை எந்த அரசாங்கமும் தோற்று இறங்கியதில்லை. துப்பாக்கி வந்து இறக்கும், அவ்வளவுதான். இரண்டாயிரம் டிசம்பரில் முதல் சுற்றில் யாருக்கும் பாதி ஓட்டு கிடைக்காமல், கிறிஸ்துமஸ் கழிந்து மறுபடி கற்களை வரிசையில் வைத்தோம். என் கட்சி தோற்றது. ஜனவரியில் தோற்றவர்கள் கைகுலுக்கிவிட்டு இறங்கிப் போனார்கள். ஒரு தோட்டா வெடிக்கவில்லை. என் கட்சி தோற்ற துக்கத்திலும் எனக்கு உள்ளுக்குள் ஒரு பெருமை. இறங்கத் தெரிந்தது எங்கள் ஆட்களுக்குத்தானே!

அரபா சட்டி தட்டக்கூட வரவில்லை. சேதி சொல்லி அனுப்ப பைடூ வீட்டுக்கு ஓடிவிட்டாள். திரும்பி வந்து என் முன்னால் புதுத் துணியை வைத்தாள்.

"காபா ரவிக்கை ஒண்ணு தைச்சுக் குடு. இடுப்புல கொஞ்சம் பிடிச்சுத் தை. அவர் போனப்ப நான் இவ்வளவு பெருத்திருக்கல."

"இடுப்பு எங்க இருக்குன்னு காட்டு, பிடிச்சுத் தைக்கிறேன்" என்றேன். என் மேல் மீனை விட்டெறிந்தாள். அந்த மாதம் முழுக்கப் பாலைப் புழுதிக்காற்று. உதடு வெடித்து, கண் எரிந்து, ஊரே முகத்தை மூடிக்கொண்டு நடந்தது. அவள் மட்டும் படகு வரும் சத்தம் கேட்டால் முகத்தைக் கழுவி, காபாவைப் போட்டுக்கொண்டு கரைக்குப் போவாள். படகு காலியாகும். கடைசிக் கூடை இறங்கும்வரை நிற்பாள். பிறகு காபாவைக் கழற்றி மடித்துவைத்துவிட்டு மீன் திருப்ப உட்காருவாள். எனக்கு அந்தப் பக்கம் பார்க்கவே பிடிக்காது.

பைடூ வந்து சேர்ந்தார். அவள் முகத்தைப் பார்க்காமல் வலையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"ஒரு தடவ இறங்கினத வச்சு நம்ப முடியாதுங்கறான். இப்ப வந்திருக்கறவங்க உங்க கட்சி. இவங்களும் ஒரு நாள் தோத்து, சண்டையில்லாம இறங்கட்டும். ரெண்டாவது தடவையும் நடந்தாத்தான் அது பழக்கம், இல்லைன்னா அதிர்ஷ்டம்கறான். அப்ப வர்றேன்னான்."

பைடூவைத் தனியாகப் பிடித்து, அங்கே வீடு வாசல் என்று ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். சொந்தமாகப் பட்டறை வைத்திருக்கிறான் என்றார். வேறே, என்றேன். "எனக்கு வலை கிழிஞ்சு கெடக்கு ஆபா, என்ன விடு" என்று எழுந்து போய்விட்டார். அரபா இதைக் கேட்கவே இல்லை. கேட்கத் தெரியாதவள் அல்ல.

இரண்டு வருஷத்தில் ஐவரி கோஸ்ட் பக்கமே கலவரமாகிவிட்டது. யார் தேர்தலில் நிற்கலாம், யார் கூடாது என்று தொடங்கிய தகராறு துப்பாக்கியில் போய் முடிந்தது. எங்கள் ஆட்கள் பலர் மூட்டை கட்டிக்கொண்டு திரும்பினார்கள். குவாமேனா வரவில்லை, நலமாக இருக்கிறான் என்ற சேதி மட்டும் வந்தது. "சண்டை நடக்கிற ஊர்ல இருக்கத் துணிச்சல் இருக்கு, ஓட்டுப் போடற ஊருக்கு வரப் பயமா உன் புருஷனுக்கு?" என்று ஒரு நாள் கேட்டுவிட்டேன். ஒரு வாரம் தட்டி வழியாக மீன் வரவில்லை.

அப்புறம் இரண்டாயிரத்தெட்டு. அவள் கட்சி எட்டு வருஷம் ஆண்டு முடித்திருந்தது. அவளும் இதற்குள் எங்கள் பள்ளிக்கூடப் பெஞ்சுக்கே சொந்தக்காரி மாதிரி ஆகிவிட்டாள். புதிதாக வருகிற தேர்தல் அதிகாரிகள் அவளைக் கேட்டுத்தான் மேஜையை எங்கே போடுவது என்று முடிவுசெய்வார்கள். அந்தத் தடவையும் இரண்டு சுற்று. இரண்டாவது சுற்று அன்று சாயங்காலம் வேப்பமரத்தடியில் எண்ணினார்கள். அதிகாரி ஒவ்வொரு சீட்டாகத் தூக்கிக் காட்ட, சுற்றி நின்ற ஊர் ஒரே குரலில் எண்ணியது. எங்கள் பெட்டியில் அவள் கட்சி தோற்றது. நாடு முழுக்க முடிவு மயிரிழையில் ஊசலாடுகிறது என்று ரேடியோ சொல்லிக்கொண்டிருந்தது.

அதிகாரி முடிவுத்தாளை ஏஜெண்டுகள் முன் நீட்டினார். அரபா பேனாவை எடுத்தபோது அவள் கட்சிச் செயலாளர் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாமி, கையெழுத்துப் போடாதீங்க. மேலருந்து சொல்லியிருக்காங்க."

"ஏன் தம்பி? என்ன தப்பு நடந்துச்சு?"

"ஏதாவது தப்பு நடந்துச்சுன்னு சொல்லுங்க. பெட்டிய நகத்தினாங்க, கூட்டம் தள்ளிச்சு, எதையாவது. அப்புறம் நாங்க பாத்துக்கறோம்."

"நேத்து மத்தியானத்துலருந்து ஒரு சொட்டுத் தண்ணி குடிக்காம உக்காந்திருக்கேன். தப்பு நடந்திருந்தா எனக்குத் தெரியாதா?"

"நம்ம கட்சி போயிடும் மாமி!"

"போகட்டும். போயிட்டுத் திரும்பி வரத் தெரியாத கட்சியா நம்ம கட்சி?" என்றாள். உட்கார்ந்து, தன் முழுப் பெயரையும் பள்ளிக்கூடப் பிள்ளை போல ஒவ்வொரு எழுத்தாக எழுதினாள். பின்னாலிருந்து யாரோ துரோகி என்று கத்தினார்கள். யாரோ அவள் முதுகில் மண்ணை அள்ளி வீசினார்கள். அவள் திரும்பிப் பார்க்காமல் வேப்பமரத்தைத் தாண்டினாள். நான் போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்கள் பெட்டியில் ஜெயித்த கட்சிக்காரி நான்தான் அவள் முதுகு மண்ணைத் தட்டிவிட்டேன்.

அவள் ஒருத்தி கையெழுத்தால் ஒரு அரசாங்கம் நிற்கப் போவதும் இல்லை, விழப் போவதும் இல்லை. அது எனக்குத் தெரியும். ஆனால் அன்று சாயங்காலம் எத்தனை ஊரில் எத்தனை வேப்பமரத்தடியில் எத்தனை பேர் தன் கட்சி தோற்ற தாளில் பல்லைக் கடித்துக்கொண்டு பெயர் எழுதியிருப்பார்கள்! அவர்கள் எழுதியதால்தான் மேலே இருந்தவர்களால் கையை விரித்துவிட்டு இறங்க முடிந்தது. மற்றவர்கள் எதற்காக எழுதினார்கள் என்று எனக்குத் தெரியாது. இவள் எதற்காக எழுதினாள் என்று தெரியும். வீட்டு வாசலில் வந்து மெதுவாக, "ரெண்டாவது தடவ ஆச்சுடி" என்றாள்.

ஜனவரியில் அவள் கட்சி அமைதியாக இறங்கியது. நான் சட்டியை எடுத்து வைத்திருந்தேன், தட்டவில்லை. புதுத் துணி வாங்கிக்கொண்டு வருவாள் என்று இரண்டு நாள் பார்த்தேன். வரவில்லை. மூன்றாம் நாள் நானே தட்டியைச் சுற்றிக்கொண்டு போனேன். அடுப்பில் மீனைத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

"பைடூ நாளைக்கு சசாந்த்ராவுக்குக் கெளம்புறாராம்டி. போய்ச் சொல்லலையா?"

"என்னன்னு?"

"என்னன்னா? ரெண்டு தடவ இறங்கியாச்சு, மூட்டையக் கட்டிக்கிட்டு வாய்யான்னு."

அவள் ஒரு தட்டை இறக்கி வைத்துவிட்டு அடுத்த தட்டை எடுத்தாள். புகைக்காக முகத்தைத் திருப்பினாளா, எனக்காகத் திருப்பினாளா என்று தெரியவில்லை.

"இத்தன வருஷமா அவர வரவிடாம வச்சிருந்தது அரசாங்கம், ஆபா. அதனால எனக்கு அவர் மேல ஒரு கோவமும் இல்ல. நாளைக்குச் சொல்லி அனுப்பிட்டா, அதுக்கப்புறம் வரலைன்னா... அது அவராயிடும்டி."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து மீனைத் திருப்பிக்கொடுத்தேன்.

மறுநாள் காலை படகைத் தள்ளிவிட ஊர் கூடியது. நாங்களும் போனோம். படகு முதல் அலையில் ஏறி இறங்கியதும் பைடூ படகின் பின்முனையில் எழுந்து நின்று, எப்போதும் போலக் கையை வாயருகே குவித்துக் கத்தினார்.

"அரபா! சேதி ஏதாவது உண்டா?"

அவள் தண்ணீருக்குள் இறங்கிப் போனாள். பாவாடை நனைந்தது. ஒரு கணம் எல்லாவற்றையும் சொல்லிவிடப் போகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"ஊர்ல எல்லாரும் சௌக்கியம்னு சொல்லுங்க!" என்றாள்.